கோகன் வரைந்த மார்த்தினிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் கோகன் என்றதும் எல்லோருக்கும் தாஹித்திதான் நினைவுக்கு வரும். ஆனால் வெப்பமண்டலத் தீவு ஒன்றை அவர் முதன்முதலில் வரைந்தது மார்த்தினிக்கில், 1887-ஆம் ஆண்டில். அங்கே வரைந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ள தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கும் 'மார்த்தினிக் நிலக்காட்சி'. அந்தப் படத்தைப் பற்றி ஓவியம் பயில்கிறவர்களிடமும் நண்பர்களிடமும் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கோகன் யாரு? ரொம்பச் சுருக்கமா சொல்லுங்களேன்.

1848-ல் பாரிஸில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் பெரு நாட்டின் லிமா நகரில் வளர்ந்தார். இளைஞனாகக் கப்பலில் வேலை பார்த்தார், பிறகு பாரிஸில் பங்குச்சந்தைத் தரகு நிறுவனம் ஒன்றில் பணியாற்றி நன்றாகச் சம்பாதித்தார். ஓய்வு நேரத்தில் ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர், 1882-ல் பங்குச்சந்தை சரிந்த பிறகு முழுநேர ஓவியரானார். டென்மார்க்கைச் சேர்ந்த மனைவி மெட்டும் ஐந்து குழந்தைகளும் கோபன்ஹேகனில் இருக்க, இவர் கையில் காசில்லாமல் பிரான்சில் அலைந்தார். 1903-ல் பசிபிக் கடலில் உள்ள மார்க்கேசாஸ் தீவுகளில் இறந்தார்.

மார்த்தினிக் எங்க இருக்கு? அதுவும் தாஹித்தி பக்கமா?

இல்லை. தாஹித்தி பசிபிக்கில் இருக்கிறது, மார்த்தினிக் கரீபியன் கடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அமெரிக்கக் கண்டமே குறுக்கே நிற்கிறது. இரண்டும் பிரான்சின் ஆட்சியில் இருந்தவை, இன்றும் பிரான்சோடு சேர்ந்தவை. அதனால்தான் குழப்பம் வருகிறது.

மார்த்தினிக் சிறிய தீவு, பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய நம் நெல்லூர் இருக்கும் அட்சரேகையில் இருக்கிறது. வெயிலும் மழையும் ஈரக்காற்றும் எப்படி இருக்கும் என்று தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அங்க எதுக்குப் போனார்? படம் வரையறதுக்காகவே போனாரா?

முதலில் போனது பனாமாவுக்கு. 1887 ஏப்ரலில் ஷார்ல் லவால் என்ற இளம் ஓவியரைச் சேர்த்துக்கொண்டு கப்பலேறினார். பனாமாவில் அவருடைய அக்காவின் கணவர் இருந்தார். அவர் உதவுவார், குறைந்த செலவில் எங்காவது தீவில் தங்கி வரையலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலிக்கவில்லை. அப்போது பிரெஞ்சு நிறுவனம் பனாமாக் கால்வாயைத் தோண்டிக்கொண்டிருந்தது. கோகன் அங்கே கொஞ்ச நாள் வேலை செய்தார், அந்த வேலையும் போயிற்று.

ஜூன் மாதம் இருவரும் மார்த்தினிக் வந்தார்கள். சேன் பியேர் நகரத்துக்குத் தெற்கே, லு கார்பே என்ற ஊரை ஒட்டிக் கடற்கரைக்கு மேலே ஒரு குடிசையில் தங்கினார்கள். கீழே தென்னை வரிசையிட்ட கடல், மேலே பழமரங்கள், நகரத்துக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம் என்று மனைவிக்கு எழுதினார். ஆனால் சில வாரங்களிலேயே மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவரைப் படுக்கையில் தள்ளின. நவம்பரில் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். மொத்தம் ஐந்து மாதங்கூட முழுதாக இல்லை, அதிலும் பாதி நோயில் போயிற்று. இந்த நெருக்கடிக்கு நடுவே அவர் வரைந்த படங்களில் நோயின் சாயல் துளியும் இல்லை. அதை நினைத்து எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

'போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்'னு சொல்றாங்க. ஆனா இந்தப் படம் இம்ப்ரெஷனிசம் மாதிரிதானே இருக்கு?

சரியான கவனிப்பு. கோகன் இம்ப்ரெஷனிஸ்டுகளின் பிள்ளைதான். அவர்களில் மூத்த ஓவியரான கமீல் பிசாரோவிடம் கற்றார். 1879 முதல் 1886 வரை இம்ப்ரெஷனிஸ்டுகள் நடத்திய ஐந்து கண்காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே மார்த்தினிக் போகிறார். கையில் பழைய பழக்கம் இருக்கத்தானே செய்யும்.

போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்ற பெயரோ 1910-ல் லண்டனில் ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கிலேய ஓவிய விமர்சகர் ஒரு கண்காட்சிக்காக வைத்தது. அப்போது கோகன் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தன்னை யாரும் அப்படி அழைத்து அவர் கேட்டதே இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். இம்ப்ரெஷனிஸ்ட் ஒருவர் அந்த நொடியின் வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்ப்பார். இந்தப் படத்தில் மணி என்ன, காலையா மாலையா என்று சொல்ல முடியாது. நொடியை விட்டுவிட்டு நிலத்தின் கட்டமைப்பைப் பிடிக்கிறார். திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

சரி, படத்துல என்னதான் இருக்கு? எனக்கு வெறும் மரம் மட்டைதான் தெரியுது.

முதலில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு குன்றின் மேலிருந்து பார்க்கிறோம். கீழே நம் காலடியில் தொடங்கும் செடிகொடிகள் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. படம் நெடுக்குவாக்கில் நிற்பது. நிலக்காட்சியைப் பெரும்பாலும் அகலவாக்கில்தான் வரைவார்கள். இவர் நிமிர்த்தி வைத்துவிட்டதால் நம் கண் பக்கவாட்டில் உலாவாமல் கீழிருந்து மேலே ஏறுகிறது. புதர், மரம், கடல், மலை, மேகம் என்று படிப்படியாக ஏறி வானத்தைத் தொடும்போது வானம் கொஞ்சமாகத்தான் மிச்சமிருக்கிறது.

அடுத்தது, நடுவில் தெரியும் அந்த நீலம். அது சேன் பியேர் விரிகுடா. அதற்கு அப்பால் நிற்பது பெலே எரிமலை. அதன் தலையில் மேகம். கோகன் அங்கே இருந்த மாதங்கள் மழைக்காலம், அந்த மலையுச்சியை மேகம் மூடியிருப்பது வழக்கம். பச்சை அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கும் மழையே காரணம்.

இப்போது தூரத்தை அளந்து பாருங்கள். மரபான ஓவியத்தில் தூரத்து மலை மங்கிப் போகும், முன்னால் உள்ள செடி துலக்கமாக இருக்கும். இங்கே மலையும் மரமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. ஆழம் இருக்கிறது என்று அறிவு சொல்கிறது, எல்லாமே ஒரே பரப்பில் இருப்பதாகக் கண் சொல்கிறது. இந்த இழுபறியைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால் 'வெறும் மரம் மட்டை' என்று சொல்ல மாட்டீர்கள்.

தூரிகைக் கோடெல்லாம் ஏன் சின்னச் சின்னதா, ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு?

அது பால் செசான் என்ற மூத்த பிரெஞ்சு ஓவியரிடமிருந்து வந்தது. பங்குச்சந்தையில் சம்பாதித்த காலத்தில் கோகன் செசானின் ஓவியங்களைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார், அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். சிறிய கோடுகளை ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக, நெருக்கி வைத்துக்கொண்டே போவது செசானின் முறை.

ஆனால் பயன் வேறு. செசான் அந்தக் கோடுகளால் பொருளுக்குக் கனத்தைக் கொடுப்பார். கோகன் பாய் முடைகிறவரைப்போல அவற்றைப் பின்னிக்கொண்டே போய் முழுப் பரப்பையும் ஒரே நெசவாக்கிவிடுகிறார். இலை எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. காட்டுப்பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அடர்ந்த பச்சைக்கு நடுவில் தனி இலை கண்ணில் படுவதில்லை. அந்த அனுபவத்துக்கு இந்தக் கோடுகள் அப்படியே பொருந்துகின்றன.

நிறமெல்லாம் நிஜமாவே அப்படித்தான் இருக்குமா?

பாதி நிஜம், பாதி அவர் முடிவு. பச்சையும் கடல்நீலமும் நம்பத்தகுந்தவை. பச்சையின் நடுவே செம்மஞ்சளும் சிவப்பும் எட்டிப் பார்ப்பதுதான் அவர் கைவேலை. சிவப்பைப் பக்கத்தில் வைத்தால் பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். மண்ணின் நிறத்தை அதற்காகவே சூடேற்றியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த வடமேற்குக் கரையின் கடற்கரை மணல் எரிமலை மணல், கறுத்துக் கிடக்கும்.

எதிரெதிர் நிறங்களை அடுத்தடுத்து வைக்கும் இந்தக் கணக்கு அன்றைய பாரிஸில் எல்லா இளம் ஓவியர்களுக்கும் தெரியும். கோகன் அதைச் சிறு புள்ளிகளாகச் சிதறவிடாமல் பெரிய பகுதிகளாக ஒதுக்கத் தொடங்கியது மார்த்தினிக்கில்தான். பின்னாளில் தாஹித்தியில் நாய்க்குச் சிவப்பு அடிக்கும் துணிச்சல் இங்கிருந்து வளர்ந்தது.

அந்த இடத்துல பெரிய ஊரே இருந்ததாமே. படத்துல காணோமே?

இருந்தது. சேன் பியேர் அன்று மார்த்தினிக்கின் மிகப் பெரிய ஊர், வணிகத் தலைநகரம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், தேவாலயம், நாடக அரங்கு, தாவரவியல் பூங்கா, ரம் வடிக்கும் ஆலைகள், கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள். கரீபியனின் பாரிஸ் என்று அதற்குப் பெயர். இந்தப் படம் பார்க்கும் விரிகுடாவின் கரையில்தான் அந்த நகரம் விரிந்து கிடந்தது.

கோகன் அதை மரங்களுக்குப் பின்னால் மறைத்துவிட்டார். நிற்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மரங்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்தால் போதும், நகரம் போய்விடும். இருபத்தைந்து நிமிட நடையில் சந்தைக்கும் தபாலுக்கும் போய் வந்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அவருக்கு வேண்டியது மனிதக்கை படாத சொர்க்கம். பாரிஸில் வாங்குகிறவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அதனால் நகரம் விலகிப் போயிற்று.

அப்ப இது பொய்ப்படம்தானே? எதுக்குக் கொண்டாடணும்?

நிலக்காட்சி ஓவியத்தைப் புகைப்படமாக எண்ணினால் பொய்தான். ஆனால் எந்த நிலக்காட்சி ஓவியரும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வரைகிறார். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எதை விட்டார், ஏன் விட்டார், விட்ட பிறகு மிச்சத்தை எவ்வளவு நேர்மையாகப் பார்த்தார்?

மிச்சத்தை அவர் கண்ணைத் திறந்து பார்த்தார் என்பதற்கு அந்தப் பச்சை சாட்சி, மேகத்தில் மறையும் மலை சாட்சி. இந்த மண்ணில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று இந்தப் படத்தைக் கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டையும் தெரிந்துகொண்டு பார்க்கலாம் என்பதே என் நிலை. மறைக்கப்பட்ட நகரத்தை அறிந்தவர் கண்ணுக்கு அந்த மரக்கூட்டம் முன்பைவிடக் கனமாகத் தெரியும். எனக்குத் தெரிகிறது.

தென்னை, மாமரம் எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கே. எப்படி?

ஏனென்றால் அவற்றில் பலவும் நம் பக்கத்திலிருந்து போனவை. மாமரம் தெற்காசிய மரம். கரீபியன் தீவுகளுக்கு அது 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் போனது. 1782-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அதில் மாங்கன்றுகளும் இருந்தன, அவை ஜமைக்காவில் நடப்பட்டன. தென்னை, இந்திய, பசிபிக் கடல்களின் கரைகளைச் சேர்ந்தது, ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே கொண்டுபோயின. ஈரப்பலா பசிபிக்கிலிருந்து. கரும்பு ஆசியாவிலிருந்து. எதிர்த்திசையில் பப்பாளி அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்தது.

ஆகவே கோகன் ஆதி இயற்கை என்று வரைந்ததில் பெரும்பகுதி முந்தைய இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் ஆட்கள் கொண்டுவந்து நட்ட தோட்டம். நகரத்தை மறைக்க முடிந்தது, ஆனால் மறைக்கப் பயன்பட்ட பழமரங்களே காலனி வணிகம் நட்டவை. மார்த்தினிக் ஓவியங்களைப் பற்றிய உரையாடலில் இந்த விஷயம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மற்ற மார்த்தினிக் படங்கள்ல நிறையப் பெண்கள் வர்றாங்களே, அவங்க யாரு?

பழத்தோட்டங்களில் வேலை செய்தவர்கள், தலையில் கூடை வைத்துச் சுமந்து சந்தைக்குப் போனவர்கள். பாதையில் நாள் முழுக்கப் பாட்டும் பேச்சுமாக அவர்கள் போய் வருவதைக் கோகன் குடிசையிலிருந்தே பார்த்தார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள 'மாமரங்கள்' படத்தில் அவர்களைத்தான் காண்கிறோம். உருவங்களைத் தனித்தாள்களில் கோட்டோவியமாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு நிலக்காட்சிக்குள் பொருத்துவார்.

மார்த்தினிக்கில் அடிமைமுறை ஒழிந்தது 1848 மே மாதம். கோகன் பிறந்தது அதே ஆண்டு ஜூனில். அப்படியானால் அவர் கண்ணெதிரே கூடை சுமந்து போனவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். படத்தில் அந்த உடல்கள் அழகாக, நிதானமாக இருக்கின்றன. அந்தச் சுமையின் எடை தெரியவில்லை.

அவர்கள் தலையில் கட்டியிருக்கும் துணியையும் கவனியுங்கள். மார்த்தினிக் பெண்கள் தலைக்கட்டுக்கு விரும்பி அணிந்தது நம் சென்னைப் பக்கம் நெய்யப்பட்டுக் கப்பலேறிய கட்டம்போட்ட துணி. அங்கே இன்றும் அதற்கு மதராஸ் என்றே பெயர், விழாக்காலங்களில் இன்றும் அணிகிறார்கள்.

அங்க தமிழர்களும் இருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா? அப்ப ஏன் அவங்க படத்துல இல்ல?

உண்மை. அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-ல் முதல் கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு மார்த்தினிக் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 25,000 பேர் போனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்கள், மிகப் பலர் தமிழர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கூட்டிப்போனார்கள். நோயிலும் வேலைக் கொடுமையிலும் ஏராளமானோர் மாண்டார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள், மற்றவர்கள் அங்கேயே தங்கினார்கள். தீவின் வடக்கே பாஸ் புவேன்ட் பகுதியில் மாரியம்மனையும் மதுரைவீரனையும் வழிபடும் மரபு இன்றும் தொடர்கிறது. பெலே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் அது. எடின்பரோ படத்தில் மேகம் மூடி நிற்கிறதே, அதே மலை.

கோகன் போனபோது ஆள் கொண்டுவருவது நின்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகியதால் கரும்புச் சர்க்கரையின் விலை விழுந்து, தீவே பொருளாதார நெருக்கடியில் இருந்தது. கரும்பு வயலோ ஆலையோ அவருக்கு ஓவியப் பொருளாகவே தோன்றவில்லை. வயலே இல்லாத படத்தில் வயலில் நின்றவர்கள் எப்படி வருவார்கள்? நகரம் போன வழியில்தான் அவர்களும் போனார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. நம் ஊரிலிருந்து போய்ச் சேர்ந்தவர்களைப் பார்க்கும் தொலைவில் அவ்வளவு கூர்மையான ஒரு கண் இருந்தது, அது அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வான்காவுக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன தொடர்பு? காது அறுத்த கதைதானா?

வான்கா காதை அறுத்துக்கொண்டது 1888 டிசம்பரில். இது அதற்கு முன்பு. 1887 நவம்பரில் கோகன் பாரிஸ் திரும்பியதும் மார்த்தினிக் படங்களை வின்சென்ட் வான்காவும் அவர் தம்பி தியோவும் பார்த்தார்கள். இருவரும் சொக்கிப் போனார்கள். ஓவிய வணிகரான தியோ 'மாமரங்கள்' படத்தை 400 பிராங்குக்கு வாங்கினார். வின்சென்ட் தன் சூரியகாந்திப் படங்கள் இரண்டைக் கொடுத்து, நீர்க்கரையைக் காட்டும் ஒரு மார்த்தினிக் படத்தைப் பெற்றுக்கொண்டார். அந்த நட்பு வளர்ந்துதான் தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரில் வின்சென்ட் தங்கியிருந்த மஞ்சள் வீட்டுக்குக் கோகன் போனார். மார்த்தினிக் படங்கள் இல்லையென்றால் அந்த அழைப்பே வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இப்ப என்ன விலை போகும்?

அருங்காட்சியகங்களில் இருப்பவை விற்பனைக்கு வருவதில்லை. ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லலாம்: 1892-ல் தாஹித்தியில் வரைந்த இரு பெண்களின் ஓவியம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்பு தனிப்பட்ட விற்பனையில் சுமார் 21 கோடி டாலருக்குக் கைமாறியது. மேலே சொன்ன 400 பிராங்க் கோகனுக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

தாஹித்திப் படங்களுக்கும் இதுக்கும் பார்த்தவுடனே சொல்ற மாதிரி என்ன வித்தியாசம்?

கோட்டைப் பாருங்கள். மார்த்தினிக்கில் சின்னச் சாய்கோடுகள் (மேலே செசானைப் பற்றிய பதிலில் சொன்னவை). தாஹித்தியில் அவை அடங்கிப்போய்ப் பெரிய, தட்டையான நிறப்பரப்புகள் வருகின்றன, அவற்றைச் சுற்றி அழுத்தமான விளிம்பு. வாஷிங்டனில் இருக்கும் 1892-ஆம் ஆண்டுப் படம் 'ஃபடாட்டா தே மிட்டி'யில் பெண்கள் கடலில் இறங்குகிறார்கள். கரை மணல் ஊதாவும் இளஞ்சிவப்புமாக விரிந்து கிடக்கிறது. மணல் என்று யாரும் சொல்லாவிட்டால் கோலம் போட்ட துணி என்றே நினைக்கலாம். பாரிஸில் இருக்கும் 'அரேயாரேயா'வில்தான் அந்தச் சிவப்பு நாய். 1893-ல் பாரிஸில் காட்டியபோது அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்னொரு வித்தியாசம் தலைப்பு. தாஹித்தியில் உள்ளூர் மொழியில் தலைப்பிட்டு, தெய்வங்கள், பழங்கதைகள் என்று ஒரு மர்மத்தைச் சேர்த்தார். மார்த்தினிக்கில் அந்தச் சேர்க்கை இல்லை. மரம் மரமாக இருக்கிறது, பாதை பாதையாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு மார்த்தினிக் ஒரு படி மேல். கோகனும் பின்னாளில், தான் யார் என்று தெரிய வேண்டுமானால் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் வரைந்த படங்களைவிட மார்த்தினிக்கிலிருந்து கொண்டுவந்தவற்றில் தேட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த எரிமலை வெடிச்சதாமே. வரையும்போது அவருக்கு ஏதாவது தோணியிருக்குமா?

வெடித்தது 1902 மே 8. சில நிமிடங்களில் சேன் பியேர் நகரமே அழிந்தது, 30,000-க்கு நெருக்கமானோர் இறந்தார்கள். கோகன் இருந்தபோது மலை அமைதியாக இருந்தது. அதற்கு முன் 1851-ல் சிறிதாகக் குமுறியதோடு சரி. படத்தில் உச்சியில் இருப்பது மழைமேகம், புகையல்ல. ஓவியர் முன்கூட்டி உணர்ந்தார் என்று சொல்வதெல்லாம் பின்னால் சேர்த்த கதை.

லவால் வரைஞ்சதைக் கோகன் படம்னு வித்தாங்களாமே?

நடந்திருக்கிறது. லவாலும் அதே குடிசையில் தங்கி, அதே பாதைகளை, அதே பெண்களை, ஏறக்குறைய அதே முறையில் வரைந்தார். 1862-ல் பிறந்த அவர் 1894-லேயே காலமானார். எஞ்சிய படங்கள் கொஞ்சம், பெயரும் பரவவில்லை. அதனால் அவருடைய சில படங்களில் பிற்காலத்தில் யாரோ கோகனின் கையெழுத்தைப் போட்டு விற்றார்கள். ஆய்வாளர்கள் அவற்றை மெல்ல மெல்லப் பிரித்தெடுத்தார்கள். 2018-ல் ஆம்ஸ்டர்டாமின் வான்கா அருங்காட்சியகம் இருவரின் மார்த்தினிக் படங்களையும் அருகருகே வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அது லவாலுக்குத் தாமதமாகக் கிடைத்த நியாயம்.

தாஹித்தியில சின்னப் பெண்களோட வாழ்ந்தவர்னு தெரிஞ்சபிறகும் இவர் படத்தை ரசிக்கலாமா?

முதலில் நடந்ததை மழுப்பாமல் சொல்ல வேண்டும். தாஹித்தியில் தெஹாமனா என்ற சிறுமியோடு வாழ்ந்தார், அவளுக்கு அப்போது வயது சுமார் 13. அதன் பிறகும் பதின்வயதுப் பெண்கள் இருவரோடு அப்படி வாழ்ந்தார். வெள்ளைக்காரர், ஆளும் நாட்டின் குடிமகன் என்ற அதிகாரம் அவருக்கு அங்கே கைகொடுத்தது. 'அந்தக் காலம் அப்படி' என்று இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மார்த்தினிக் நிலக்காட்சி அதற்கு முந்தையது. ஆனால் தீவு என்பது தனக்காகவே காத்திருக்கும் சொர்க்கம் என்ற எண்ணம் அதிலேயே தொடங்கிவிட்டது. நகரத்தை மறைத்த கண்ணும், அந்தச் சிறுமிகளின் விருப்பம் என்ன என்று கேட்காத கண்ணும் ஒருவருடையவை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டால் இதைப் பேச வாய்ப்பே இல்லாமல் போகும். நான் படத்தைக் காட்டுகிறேன், கூடவே இதையும் சொல்கிறேன். தெஹாமனாவை வரைந்த படங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அந்த உணர்வை மதிக்கிறேன், வற்புறுத்துவதில்லை.

இந்தப் படங்களை எங்க பார்க்கலாம்? வெளிநாடு போக முடியாதவங்க என்ன பண்றது?

'மார்த்தினிக் நிலக்காட்சி' எடின்பரோவில். 'மாமரங்கள்', வின்சென்ட் மாற்றிக்கொண்ட நீர்க்கரைப் படம் இரண்டும் ஆம்ஸ்டர்டாமில். 'போவதும் வருவதும்' என்ற படம் மாட்ரிட்டின் திஸ்ஸன் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய தொகுப்பில். கடற்கரையைக் காட்டும் ஒன்று கோபன்ஹேகனின் கிளிப்டோடெக் அருங்காட்சியகத்தில். மார்த்தினிக்கில், அவர் தங்கியிருந்த லு கார்பேயில், அவர் பெயரில் ஒரு நினைவு மையம் இருக்கிறது.

போக முடியாதவர்கள் எடின்பரோ, ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பெரிய அளவுப் படங்களைப் பாருங்கள். அச்சுப் புத்தகங்களிலும் கைப்பேசியிலும் பச்சை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வரும், ஒன்றை மட்டும் பார்த்து நிறத்தைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி மரங்களுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள விளிம்பில் மெதுவாக நகருங்கள். சாய்கோடுகள் அங்கேதான் தெளிவாகப் பிடிபடும். நகரம் இருந்த இடமும் அந்த விளிம்பை ஒட்டித்தான்.